போட்டோ பிரிண்டில் தலை வெட்டுப்படுகிறதா, மங்குகிறதா? 4ஆர் முதல் 8ஆர் வரை சரிசெய்யும் வழி

அத்தையின் 60வது பிறந்தநாளுக்கு எடுத்த குடும்பப் படத்தை 8ஆர் (8×10 இன்ச்) அளவில் பிரிண்ட் போட்டுக் கொண்டுவந்தார் மாமா. புளோக்குக்குக் கீழே வரிசையாக 16 பேர் நின்று எடுத்த படம். பிரிண்டில் எண்ணிப் பார்த்தால் பதினான்கரை பேர்தான் இருந்தார்கள். இடது ஓரத்தில் சித்தப்பாவுக்குப் பாதி முகம், வலது ஓரத்தில் என் தங்கைக்குத் தோள் மட்டும். கடைக்காரர் கெடுத்துவிட்டார் என்று மாமா ஒரு வாரம் திட்டிக்கொண்டிருந்தார். உண்மையில் கடைக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை. படத்தை எங்கே வெட்டுவது என்று நாங்கள் சொல்லவில்லை, அதனால் மெஷின் தானாக நடுவில் வைத்து இரண்டு பக்கமும் வெட்டிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பிரிண்ட் சம்பந்தமான புகார் எல்லாம் என் தலையில்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போய் இதை எழுதுகிறேன். உங்கள் பிரிண்டில் என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒன்றே ஒன்று மட்டும் எல்லாருக்கும் பொது: எதைச் செய்தாலும் மூலப் படத்தில் கைவைக்காதீர்கள், நகல் எடுத்து வேறு பெயரில் சேமித்து அதில் செய்யுங்கள்.

தலை போச்சு, கால் போச்சு, ஓரத்தில் நின்றவரைக் காணோம்

என்னிடம் வருகிற புகாரில் பாதிக்கு மேல் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படத்துக்கு ஒரு வடிவம், தாளுக்கு ஒரு வடிவம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். கைப்பேசி கேமரா வழக்கமாக 4:3 விகிதத்தில் எடுக்கும். டிஎஸ்எல்ஆர், மிரர்லெஸ் என்கிற லென்ஸ் மாற்றும் கேமராக்களில் பெரும்பாலானவை 3:2, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் போன்ற சில வகைகள் கைப்பேசி மாதிரி 4:3. இப்போது தாளைப் பாருங்கள். நம் சிங்கப்பூர்க் கடைகளில் 3ஆர் என்றால் 3.5×5 இன்ச், 4ஆர் 4×6, 5ஆர் 5×7, 6ஆர் 6×8, 8ஆர் 8×10, எஸ்8ஆர் 8×12. பெயரைக் கேட்டால் ஒரே வடிவம் படிப்படியாகப் பெரிதாவது போலத் தோன்றும், ஆனால் ஒவ்வொன்றும் ஒரு வடிவம். 4ஆரும் எஸ்8ஆரும் 3:2. 6ஆர் 4:3. 5ஆர் 7:5. 8ஆர் 5:4, அதாவது சதுரத்துக்குக் கிட்டே வரும் குண்டு வடிவம். "4ஆரில் அழகாக வந்ததே, அதையே 8ஆரில் பெரிதாகப் போடு" என்று சொல்வது அதனால்தான் சரிப்படாது.

கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். கைப்பேசியில் எடுத்த 12 மெகாபிக்சல் படம் 4032×3024 பிக்சல். அதை 4ஆரில் நிரப்பினால் 4032×2688தான் மிஞ்சும், 336 வரிசை போய்விடும், ஒன்பதில் ஒரு பங்கு. அதே படம் 5ஆரில் 144ஐத்தான் இழக்கும், 8ஆரில் 252ஐ இழக்கும். கேமராவில் எடுத்த 6000×4000 படம் 4ஆரில் ஒரு பிக்சலைக்கூட இழக்காது, ஆனால் 8ஆரில் முழுசாக 1000 பிக்சல் அகலம் காலி. ஆறில் ஒரு பங்கு. சித்தப்பாவின் பாதி முகம் போனது இங்கேதான்.

எந்தப் பக்கம் வெட்டுப்படும் என்பதும் படத்துக்குப் படம் மாறும். தைப்பூசத்தன்று டேங்க் ரோடு கோயில் வாசலில் நின்று காவடிப் படம் எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை நிமிர்த்திப் பிடித்து எடுத்ததை 4ஆரில் போட்டால் காவடியின் இரு பக்க வளைவும் நறுக்கப்படும். கேமராவை நிமிர்த்தி எடுத்ததை 8ஆரில் போட்டால் பக்கம் பத்திரமாக இருக்கும், மேலே மயிலிறகும் கீழே பாதமும் போகும். காவடிப் படத்தில் மயிலிறகு இல்லாவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது!

சரிசெய்வது சுலபம். முதலில் எந்தத் தாள் என்று முடிவு செய்யுங்கள், பிறகு நீங்களே வெட்டுங்கள். ஐபோனில் படத்தைத் திறந்து, திருத்தும் பக்கத்தில் கிராப் பகுதிக்குப் போனால் மேலே விகிதப் பட்டியலைத் திறக்கும் ஒரு சின்னம் இருக்கும். 4ஆருக்கும் எஸ்8ஆருக்கும் 3:2, 5ஆருக்கு 7:5, 8ஆருக்கு 10:8 (5:4தான் அது). தேர்ந்தெடுத்தபின் சட்டத்துக்குள் படத்தை விரலால் நகர்த்தி, யார் உள்ளே இருக்க வேண்டும் என்பதை நீங்கள் தீர்மானியுங்கள். ஐபோனில் இப்படி வெட்டியதை எப்போது வேண்டுமானாலும் பழைய நிலைக்குத் திருப்பிக்கொள்ளலாம், அதனால் பயம் வேண்டாம். ஆண்ட்ராய்டில் கூகல் ஃபோட்டோஸின் கிராப் பகுதியிலும் விகிதப் பட்டியல் உண்டு. கணினியில் என்றால் இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் என்ற படத்திருத்தச் செயலி போதும், கிராப் கருவியின் அமைப்புகளில் விகிதத்தை நிலையாக்கி 3:2 என்றோ 5:4 என்றோ தட்டச்சு செய்துவிட்டு இழுத்தால் சட்டம் அந்த வடிவத்தை விட்டு மாறாது. விண்டோஸில் இர்ஃபான்வியூ வைத்திருப்பவர்கள் ஷிஃப்ட்டையும் சி விசையையும் சேர்த்து அழுத்தினால் அளவு கேட்கும் பெட்டி வரும்.

சரி, எதையுமே வெட்ட முடியாத படமாக இருந்தால்? 16 பேரில் யாரை வெட்டுவது? அப்போது தாளை மாற்றுங்கள். கேமராவின் 3:2 படத்துக்கு 8ஆருக்குப் பதில் எஸ்8ஆர். கைப்பேசியின் 4:3 படத்துக்கு 6ஆர், சில கடைகளில் 4டி என்று 4.5×6 இன்ச் தாளும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். தாளை மாற்ற முடியாது, ஃபிரேம் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது என்றால் வெள்ளை ஓரம் சேர்ப்பதுதான் வழி. ஜிம்பில் கேன்வாஸ் அளவு என்ற இடத்துக்குப் போய், 4032×3024 படத்துக்கு அகலத்தை மட்டும் 4536 ஆக்கிப் படத்தை நடுவில் வைத்து, பின்னணியை வெள்ளையாக நிரப்பிச் சேமியுங்கள். இப்போது அது சரியான 3:2, 4ஆரில் முழுப் படமும் வரும், இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை இருக்கும்.

அடுத்த முறை எடுக்கும்போதே ஓரத்தில் நிற்பவருக்கு அப்பால் இன்னும் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு எடுங்கள். கைப்பேசியில் 16:9, முழுத்திரை என்றெல்லாம் இருக்கும் தேர்வுகளைப் பிரிண்ட் போடப்போகும் படத்துக்குத் தொடாதீர்கள். சென்சார் 4:3தான், அந்தத் தேர்வுகள் மேலும் கீழும் வெட்டிவிட்டுத்தான் உங்களுக்குக் கொடுக்கின்றன. அப்படி ஏற்கெனவே வெட்டுப்பட்ட 16:9 படத்தை 4ஆரில் போட்டால் நீளவாக்கில் இன்னொரு ஆறில் ஒரு பங்கு போகும், முழுத்திரைப் படம் என்றால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு.

இரண்டு பக்கமும் வெள்ளைப் பட்டை வந்திருக்கிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். கடையின் இணையதளத்திலோ மெஷினிலோ தாளை நிரப்பு, படத்தை முழுதாக அடக்கு என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். இரண்டாவதைத் தொட்டிருக்கிறீர்கள். பட்டை வேண்டாம் என்றால் விகிதத்துக்கு வெட்டிய படத்தைக் கொடுங்கள், அப்போது எந்தத் தேர்வைத் தொட்டாலும் முடிவு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முகம் உப்பியிருக்கிறது, அல்லது எல்லாரும் ஒட்டகச்சிவிங்கி மாதிரி நீண்டிருக்கிறார்கள்

படத்தில் வட்டமான எதையாவது தேடுங்கள். சுவர்க்கடிகாரம், தட்டு, கார் சக்கரம். அது முட்டை வடிவில் இருந்தால் யாரோ வெட்டாமல், அளவு மாற்றும் பெட்டியில் அகலத்தையும் உயரத்தையும் கையால் தட்டச்சு செய்து படத்தைத் தாளுக்குள் திணித்திருக்கிறார்கள். அந்தப் பெட்டியில் இரண்டு எண்களுக்கும் நடுவில் சங்கிலி போல ஒரு சின்னம் இருக்கும், அது பூட்டியே இருக்க வேண்டும். திரும்ப மூலப் படத்துக்குப் போய், முதலில் விகிதத்துக்கு வெட்டி, அதன் பிறகு அளவை மாற்றுங்கள். வரிசை இதுதான், மாற்றிச் செய்தால் முகம் நசுங்கும். நசுங்கிய படத்தை எதிர்ப்பக்கம் இழுத்துச் சரிசெய்ய முயலாதீர்கள், மூலம் தொலைந்துபோய்விட்டது என்றாலொழிய.

மங்கலாக இருக்கிறது, கட்டம் கட்டமாகத் தெரிகிறது

இதில் மூன்று வியாதிகள் ஒரே அறிகுறியோடு வரும். எது என்று தெரிய, படத்தைக் கணினியில் திறந்து 100 விழுக்காட்டுக்குப் பெரிதாக்கி ஒரு கண்ணையோ சட்டைப் பொத்தானையோ பாருங்கள். அங்கேயே இரட்டையாக, இழுத்துவிட்ட மாதிரித் தெரிந்தால் கை ஆடியிருக்கிறது அல்லது ஃபோகஸ் தவறியிருக்கிறது. அளவு மாற்றி அதைத் தீர்க்க முடியாது. சின்னதாக 3ஆரில் போட்டுக்கொண்டு சமாதானமாகலாம். முகத்தின் ஓரத்தைச் சுற்றித் தூசி பறப்பது மாதிரி இருந்தால் அது ஜேபெக் கோப்பைத் திறந்து திறந்து மறுபடி சேமித்ததால் வந்த கறை. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் அது கொஞ்சம் தகவலைத் தூக்கி எறியும். மூலத்துக்குப் போய் எல்லாத் திருத்தத்தையும் ஒரே அமர்வில் முடித்து, தரத்தை 90க்கு மேல் வைத்து ஒரே ஒரு தடவை சேமியுங்கள்.

மூன்றாவதுதான் அடிக்கடி வருவது: பிக்சல் போதவில்லை. கணக்கு ரொம்ப எளிது. தாளின் இன்ச் அளவை 300ஆல் பெருக்குங்கள். 4ஆருக்கு 1200×1800, 5ஆருக்கு 1500×2100, 8ஆருக்கு 2400×3000, எஸ்8ஆருக்கு 2400×3600, ஏ4க்கு 2480×3508. இவ்வளவு இருந்தால் கையில் வைத்துக் கிட்டத்தில் பார்த்தாலும் குறை தெரியாது. இன்ச்சுக்கு 200 இருந்தாலும் பெரும்பாலானவர்கள் கண்டுபிடிக்க மாட்டார்கள். சுவரில் மாட்டி சோபாவிலிருந்து பார்க்கிற படத்துக்கு 150கூடப் போதும். அதற்குக் கீழே போனால் நானாக இருந்தால் சிறிய தாளைத் தேர்ந்தெடுப்பேன்.

அப்புறம் ஏன் 12 மெகாபிக்சல் கைப்பேசி வைத்திருப்பவருக்கும் மங்குகிறது? படம் வந்த வழியைக் கேளுங்கள். தாத்தாவின் நினைவுநாளுக்கு ஏ4 பிரிண்ட் போடுவதற்காக எனக்கு வந்த படம், எடுத்தவர் பெரியப்பா மகனுக்கு அனுப்பி, அவர் அக்காவுக்கு அனுப்பி, அக்கா குழுவில் போட்டு, குழுவிலிருந்து நான் எடுத்தது. வாட்ஸ்அப் வழக்கமான தரத்தில் அனுப்பும்போது நீளப் பக்கத்தைப் பெரும்பாலும் 1600 பிக்சலைச் சுற்றிச் சுருக்கிவிடும். 1200×1600 படத்தை ஏ4க்கு வெட்டினால் இன்ச்சுக்கு 137தான் வருகிறது. மாலை போட்டுச் சுவரில் மாட்ட அது ஓரளவு சரி, மேசையில் வைக்க முடியாது. அதே படத்தை 4ஆரில் போட்டால் 267, யாருக்கும் குறை தெரியாது. ஆக, வாட்ஸ்அப் படம் என்றாலே பிரிண்டுக்கு ஆகாது என்று சொல்ல வேண்டியதில்லை, சின்னத் தாளோடு நிறுத்திக்கொண்டால் போதும்.

பெரிதாக வேண்டுமென்றால் எடுத்தவரிடமே போய், அதைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள், மூலக் கோப்பு அப்படியே வரும். 2023இல் வந்த எச்டி தேர்வு வழக்கமான தரத்தைவிட மேல்தான், ஆனாலும் அதுவும் சுருக்கியதே. இன்ஸ்டகிராமிலிருந்து எடுத்தால் 1080 பிக்சல் அகலம்தான் கையில் வரும். திரையைப் படம்பிடித்து அனுப்புகிறவர்களிடம் எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, அதில் மேலே பேட்டரி அளவுகூடச் சேர்ந்து வரும்.

இன்னொரு காரணம், அளவுக்கு மீறி வெட்டுவது. பள்ளி மேடையில் ஆடுகிற பிள்ளையைப் பின்வரிசையில் உட்கார்ந்து எடுத்துவிட்டு, அப்புறம் பிள்ளையை மட்டும் வெட்டியெடுப்போம். அகலத்தில் கால் பங்கு, உயரத்தில் கால் பங்கு எடுத்தால் 4032×3024இல் மிஞ்சுவது 1008×756. 4ஆருக்கே இன்ச்சுக்கு 168தான். கைப்பேசியில் விரலால் பெரிதாக்கி எடுத்தாலும், தனி ஜூம் லென்ஸ் இல்லாத இடத்தில் நடப்பது இதேதான்.

பிக்சலைச் செயற்கையாகக் கூட்டினால் போதாதா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்பார்கள். அளவு மாற்றும் பெட்டியில் 1600ஐ 4000 ஆக்கலாம், எண் கூடும், விவரம் கூடாது, பக்கத்துப் பிக்சலின் நிறத்தை நடுவில் பூசிவிடும் அவ்வளவுதான். செயற்கை நுண்ணறிவு வைத்துப் பெரிதாக்கும் செயலிகள் நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் இல்லாத விவரத்தை அவை தாமாகக் கற்பனை செய்கின்றன. இலைக்கும் சேலைக்கும் பரவாயில்லை. தாத்தாவின் படத்தை அப்படிச் செய்துபார்த்தபோது பல்வரிசையெல்லாம் பளிச்சென்று வந்தது, பார்த்தால் தாத்தாவின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி யாரோ ஒருவர். அதை யாருக்கும் காட்டாமல் அழித்துவிட்டேன்.

பழைய ஆல்பத்தில் உள்ள 3ஆர் படத்தைப் பெரிதாக்க வேண்டும் என்றால் கைப்பேசியால் படம் பிடிக்காதீர்கள், ஸ்கேன் செய்யுங்கள், அதுவும் இன்ச்சுக்கு 300இல் வேண்டாம், 600இல். 3.5×5 இன்ச் தாள் 600இல் 2100×3000 பிக்சல் ஆகும், 8ஆருக்கு வெட்டியபிறகும் இன்ச்சுக்கு 262 இருக்கும். 300இல் செய்தால் இதில் பாதிதான்.

பெரிய பிரிண்டுக்குக் காசு கொடுக்கும் முன்னால் நான் செய்கிற ஒரு சோதனை உண்டு. 8ஆருக்குத் தயாரான 2400×3000 கோப்பிலிருந்து முகம் இருக்கிற இடமாக 1200×1800 துண்டு ஒன்றை வெட்டி, அதை ஒரு 4ஆரில் போட்டுப் பார்ப்பேன். 8ஆரில் அந்த முகம் எவ்வளவு கூர்மையாக இருக்குமோ அது அப்படியே இந்தத் துண்டில் தெரியும். 4ஆர் விலையில் 8ஆரின் ஜாதகம் தெரிந்துவிடுகிறது.

படத்தில் 72 டிபிஐ என்று காட்டுகிறது, கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. டிபிஐ எண், அதாவது இன்ச்சுக்கு இத்தனை புள்ளி என்ற குறிப்பு, கோப்பின் மேல் ஒட்டிய சீட்டு, அவ்வளவுதான். 4032×3024 படத்தில் 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும் உள்ளே இருப்பது அதே 4032×3024தான், 4ஆரில் போட்டால் பிரிண்ட் ஒன்றுபோலவே வரும். ஃபோட்டோஷாப்பில் இந்த எண்ணை மட்டும் மாற்ற வேண்டும் என்றால், படத்தின் அளவு காட்டும் பெட்டியில் ரீசாம்பிள் என்பதன் டிக்கை எடுத்துவிட்டு மாற்றுங்கள். டிக் இருக்கும்போது மாற்றினால் பிக்சலும் சேர்ந்து மாறிவிடும். என் நண்பர் ஒருவர் 300ஐ 72 ஆக்கி, "கோப்பு சிறிதாகிவிட்டது, அனுப்ப வசதி" என்று சந்தோஷப்பட்டார். நீளம் 6000இலிருந்து 1440 ஆகியிருந்தது.

கடையின் இணையதளம் தரம் குறைவு என்று எச்சரித்தால் மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். அது பெரும்பாலும் அந்தச் சீட்டைப் பார்ப்பதில்லை, பிக்சலையும் நீங்கள் கேட்ட தாளையும் வைத்துக் கணக்குப் போடுகிறது.

பிரிண்ட் நன்றாக வந்தது, ஃபிரேமுக்குள் போகவில்லை

அத்தை படத்தை எஸ்8ஆரில் மறுபடி போட்டோம், 16 பேரும் வந்துவிட்டார்கள், மாமாவுக்கு மகிழ்ச்சி. ஏற்கெனவே வாங்கிய 8ஆர் ஃபிரேம் சரிப்படாது என்பதால் 21×30 செ.மீ. என்று எழுதியிருந்த ஃபிரேம் ஒன்றை வாங்கி வந்தார். எஸ்8ஆர் என்பது 20.3×30.5 செ.மீ. நீளத்தில் 5 மி.மீ. கூடுதல், அகலத்தில் 7 மி.மீ. குறைவு. கத்தரிக்கோலை எடுத்துவிட்டார். நல்லவேளை, ஓரத்தில் வெட்டுவதற்குக் கொஞ்சம் சுவர் இருந்தது.

கடை இன்ச்சில் பேசும், ஐகியா மாதிரி ஐரோப்பிய ஃபிரேம்கள் செ.மீட்டரில் பேசும், குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 4ஆர் 10.2×15.2, அது 10×15 ஃபிரேமில் கொஞ்சம் இறுக்கமாகப் போகும். 5ஆர் 12.7×17.8, 13×18 ஃபிரேமில் தாராளமாக உட்காரும், சில சமயம் ஓரத்தில் மயிரிழை இடைவெளி தெரியும். 21×30 என்பது ஏ4க்கான ஃபிரேம், அதற்கு ஏ4 பிரிண்டே போடுங்கள். ஏ4இல் ஒரு வேடிக்கை உண்டு. அதன் விகிதம் 1.414, கைப்பேசியின் 4:3க்கும் கேமராவின் 3:2க்கும் சரியாக நடுவில் விழுகிறது, அதனால் எதில் எடுத்தாலும் ஏறத்தாழ 6 விழுக்காடுதான் போகும். என்ன கேமராவில் எடுத்தது என்று தெரியாத படம் கைக்கு வந்தால் நான் ஏ4தான் சொல்வேன்.

30×40 ஃபிரேம் துல்லியமாக 4:3, கைப்பேசிப் படம் வெட்டாமல் உட்காரும், 12 மெகாபிக்சலிலேயே இன்ச்சுக்கு 256 கிடைக்கும். ஃபிரேமுக்குள் வெள்ளை அட்டை மவுண்ட் இருந்தால் பெட்டியில் இரண்டு அளவு எழுதியிருப்பார்கள். பிரிண்ட் போட வேண்டியது மவுண்டுக்குச் சொன்ன அளவில். மவுண்டின் ஓட்டை அதைவிடச் சில மி.மீ. சிறியதாக இருக்கும், அந்த விளிம்புதான் படத்தைப் பிடித்துக்கொள்ளும்.

ஓரத்தில் எழுதிய பெயரும் தேதியும் போய்விட்டன

ஓரமில்லாத பிரிண்டில் மெஷின் படத்தைத் தாளைவிடச் சற்றே பெரிதாக்கித்தான் அடிக்கும், இல்லாவிட்டால் விளிம்பில் வெள்ளைக் கோடு தெரியும். அதனால் விகிதம் சரியாக இருந்தாலும் சுற்றிலும் 2, 3 மி.மீ. போகும். எழுத்தோ மெல்லிய பார்டரோ வைப்பதாக இருந்தால் விளிம்பிலிருந்து குறைந்தது 5 மி.மீ. உள்ளே வையுங்கள், 300 டிபிஐயில் அது 60 பிக்சல். மெல்லிய பார்டரே வேண்டாம் என்பேன். ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் காணாமல்போய் அசிங்கமாக இருக்கும்.

பாஸ்போர்ட் படம் அளவு தப்பி வருகிறது

சிங்கப்பூர் பாஸ்போர்ட், அடையாள அட்டைக்கு 35×45 மி.மீ., ஐசிஏ (குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம்) இணையத்தில் பதிவேற்ற 400×514 பிக்சல். இரண்டும் ஒரே விகிதம்தான். இந்திய விசாவுக்குச் சதுரம், 2×2 இன்ச். ஒன்றுக்கு எடுத்ததை இன்னொன்றுக்குத் திணித்தால் முகம் உப்பும், அதனால் தோளும் பக்கமும் தாராளமாக விட்டு ஒரு மூலப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டையும் அதிலிருந்தே தனித்தனியாக வெட்டுங்கள்.

அச்சு வேண்டும் என்றால் ஒரு 4ஆர் தாளில் 35×45 எட்டு வைக்கலாம். 1800×1200 பிக்சல் வெள்ளை கேன்வாஸ், அதில் ஒவ்வொரு படமும் 413×531, மேல் வரிசையில் நான்கு, கீழ் வரிசையில் நான்கு. கடையில் கொடுக்கும்போது முன்சொன்ன அந்தச் சின்னப் பெரிதாக்கல் இங்கே எதிரியாகும், 35 மி.மீ. என்று போட்டது 36 ஆகிவிடும். பெரிதாக்காமல், உள்ளது உள்ளபடி அடிக்கச் சொல்லுங்கள். வெட்டும் முன் அடிக்கோலை வைத்து ஒன்றை அளந்து பாருங்கள்.

கடை மெஷினில் படமே தெரியவில்லை, அல்லது படுத்துக்கிடக்கிறது

தெரியவில்லை என்றால் பெரும்பாலும் ஐபோன் படம். 2017இல் வந்த ஐஓஎஸ் 11இலிருந்து ஐபோன் ஜேபெக்கை விட்டு ஹெய்க் என்ற கோப்பு வகையில் சேமிக்கிறது, பழைய மெஷின்களுக்கு அது புரியாது. அமைப்புகளில் கேமரா, ஃபார்மேட் பகுதிக்குப் போய் அதிகம் ஒத்துப்போகும் வகையைத் தேர்ந்தெடுத்தால் இனி எடுப்பது ஜேபெக்காக வரும். ஏற்கெனவே எடுத்ததை ஜேபெக்காக மாற்றிக்கொண்டு போங்கள்.

படுத்துக்கிடந்தால், படம் திரும்பவே இல்லை, எப்படித் திருப்பிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு மட்டும் கோப்புக்குள் இருக்கிறது, அதை மெஷின் படிக்கவில்லை. கணினியில் திறந்து நிமிர்த்தி, புதிய பெயரில் சேமித்தால் முடிந்தது.

திரையில் பளிச், தாளில் இருட்டு

அளவோடு சம்பந்தம் இல்லை என்றாலும் கேட்பார்கள். கைப்பேசித் திரை தானே ஒளிவிடுவது, தாள் அறை வெளிச்சத்தைத் திருப்பித் தருவது. திரை வெளிச்சத்தைப் பாதிக்குக் குறைத்துவிட்டுப் படத்தைப் பாருங்கள், அதுதான் தாளில் வரப்போவது. தீமிதி, தீபாவளி விளக்கலங்காரம் மாதிரி இரவுப் படங்களில் நிழல் பகுதியைக் கொஞ்சம் தூக்கிவிடுங்கள்.

நிறம் வெளுத்து வந்தால் கேமராவின் நிறத் தேர்வைப் பாருங்கள். அடோபி ஆர்ஜிபி என்றிருந்தால் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிச் சேமியுங்கள், சாதாரணக் கடைகள் எதிர்பார்ப்பது அதைத்தான். 2016இல் வந்த ஐபோன் 7இலிருந்து ஐபோன்களும் அகன்ற நிற வகை ஒன்றில்தான் எடுக்கின்றன, காஞ்சிபுரம் சேலையின் அரக்கும் பச்சையும் தாளில் சுருதி இறங்கி வந்தால் அங்கேயும் இதே மருந்துதான். சந்தேகமாக இருந்தால் ஒரே படத்தை உள்ளபடி, சற்று வெளிச்சமாக, இன்னும் சற்று வெளிச்சமாக என்று மூன்று 4ஆர் போட்டு, இரவு விளக்கில் வேண்டாம், பகலில் ஜன்னல் பக்கம் வைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.